முதலாம் ஆண்டு நினைவஞ்சலி: அம்மாவைப் பற்றி என்ன எழுதலாம்?

கரிசல்மகள் எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. பேப்பரில் நினைவஞ்சலி கொடுக்கலாம் என்று தம்பி சொன்னான், நானும் சரி என்றேன். ஆனால் அதில் என்ன போடுவது என்பதில்தான் இருவருக்கும் ஒத்துவரவில்லை. இங்கே பலர் அம்மாவையோ அப்பாவையோ பறிகொடுத்தவர்கள், உங்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் எட்டயபுரம் பக்கம். அம்மா போனது திடீரென்று. காலையில் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்திருக்கிறாள், முதுகு வலிக்கிறது என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிவிட்டுத் திண்ணையில் படுத்தவள் அப்புறம் எழுந்திருக்கவில்லை. அரை மணி நேரம்கூட இல்லை. நெஞ்சுதான் என்றார் டாக்டர். நான் கோயம்புத்தூரிலிருந்து போய்ச் சேரும்போது சாயங்காலம். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள், "கொடுத்து வச்ச சாவு, ஒரு நாள் படுக்கலை, யாருக்கும் பாரமில்லாமப் போய்ச் சேர்ந்துட்டா." பதினாறாம் நாள் விசேஷம் வரைக்கும் இதே பேச்சு. அவள் செத்த விதத்தைப் பற்றி ஊரே பேசியது, வாழ்ந்த விதத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் அதே கதைதான். சித்தப்பா வீட்டில் அவசரத்தில் அடித்துக் கொண்டுவந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதில் அம்மா "அமரர் இன்னாரின் மனைவி", அப்புறம் எங்கள் இருவரின் தாயார், அவ்வளவுதான். அப்பா இறந்தது 1985இல். அவரோடு அம்மா குடும்பம் நடத்தியது ஐந்து வருஷம்கூட இல்லை. 1986இல் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளி சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளராகச் சேர்ந்தாள், பிறகு சமையலர் ஆனாள், 2019இல் ஓய்வு பெற்றாள். அந்த 33 வருஷத்துக்குப் போஸ்டரில் ஒரு எழுத்துகூட இல்லை. படம் இன்னும் மோசம். அம்மா தனியாக எடுத்த போட்டோ வீட்டில் கிடையாது, ஒரு கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்து, ஸ்டுடியோக்காரர் அவளைச் சிவப்பாக்கி, பட்டுச்சேலை உடுத்தி, கழுத்தில் ஒரு நெக்லஸையும் மாட்டிவிட்டார். அம்மா 1985க்குப் பிறகு கழுத்தில் எதுவும் போட்டவள் இல்லை.

இந்தத் தடவையாவது அவள் யார் என்று தெரிகிற மாதிரி போட வேண்டும் என்கிறேன் நான். "சத்துணவுச் சமையலர்" என்று போட்டால் சம்பந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று தம்பி தயங்குகிறான். அவன் கெட்டவன் இல்லை, அம்மாவை என்னைவிட அதிகம் பார்த்துக்கொண்டவன். உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

வைகைக்கரை எழுதியது:

தங்கச்சி, முதலில் என் ஆழ்ந்த அனுதாபம். வயதில் மூத்தவன் என்பதால் ஒன்றிரண்டு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

போஸ்டர் என்பது வாழ்க்கை வரலாறு இல்லை. எந்த வீட்டுச் சாவு, யார் வகையறா, எப்போது எடுக்கிறார்கள் என்று தெருவில் போகிறவனுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அது. அதில் கணவர் பெயரைப் போடுவது அடையாளத்துக்காக. அதைப் பார்த்து மனம் நோக வேண்டாம்.

அப்புறம் அந்த "கொடுத்து வைத்த சாவு". என் அம்மா பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தார். படுக்கைப்புண், பீ மூத்திரம், பேச்சு கிடையாது, கண் மட்டும் எங்களையே சுற்றிச் சுற்றி வரும். அந்த மாதிரி வருஷங்களைப் பார்த்த கிழவிகள்தான் உங்கள் வீட்டு வாசலில் வந்து அப்படிச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் வாழ்நாளில் பார்த்ததில் பெரிய கொடுமை படுக்கையில் கிடப்பதுதான். உங்கள் அம்மாவுக்கு அது வாய்க்கவில்லையே என்ற நிம்மதியில் வருகிற பேச்சு. அவர்களுக்கு வேறு ஆறுதல் சொல்லத் தெரியாது.

கரிசல்மகள் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன பிறகு அந்தக் கிழவிகள் மேல் இருந்த வருத்தம் பாதி குறைந்தது, உண்மையாகவே. ஆனால் சாகிறவருக்கு நல்லது என்பது இருக்கிறவருக்கும் நல்லது ஆகிவிடாது. படுக்கையில் கிடந்திருந்தால் ஒரு வாரமாவது கூட இருந்து கால் பிடித்துவிட்டிருப்பேன் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது சரியா என்று தெரியவில்லை, தோன்றுகிறது.

முக்கூடல்பாண்டி எழுதியது:

அக்கா, என் அம்மா பீடி சுற்றியவர். எங்கள் பக்கத்தில் முக்கூடல், கடையம், மேலப்பாளையம் என்று எந்தத் தெருவில் போனாலும் மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் ஒருவர். இலையை ஊறவைத்து, கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, ஒரு நாளைக்கு ஆயிரம். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் இலை சரியில்லை, தூள் குறைவு என்று ஒரு கட்டைத் தனியாகத் தள்ளி வைப்பார்கள், தள்ளியதற்குக் காசு கிடையாது. எங்கள் மூன்று பேரின் படிப்பும் அந்தச் சுளவிலிருந்து வந்ததுதான். பீடித் தொழிலாளர் அட்டை இருந்ததால் பள்ளிக்கூடத்தில் உதவித்தொகையும் வரும்.

அவருக்கும் திடீர் மரணம்தான், பஸ் ஸ்டாப்பில். நாங்கள் அடித்த கார்டில் "இல்லத்தரசி" என்று இருந்தது. யார் போடச் சொன்னது என்றே தெரியாது, அச்சகத்தில் ஏற்கெனவே இருந்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். உங்கள் பதிவைப் படித்ததும் அந்தக் கார்டை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் போடுங்கள் அக்கா. தைரியமாகப் போடுங்கள்.

வல்வைப்பெண் எழுதியது:

நான் பிறந்தது வல்வெட்டித்துறை, இப்ப இருக்கிறது ரொறன்ரோவில. எங்கட பக்கத்தில மரண அறிவித்தல் வேற மாதிரி. "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, "அன்னார்" என்று ஒரு நீண்ட பட்டியல் வரும்: ஆற்ற (யாருடைய) மகள், ஆற்ற மனைவி, ஆற்ற அன்புத் தாய், மாமியார், சகோதரி, பேத்தி, பூட்டப்பிள்ளை வரைக்கும். உத்தியோகம் பார்த்தவர் என்றால் பெயருக்குப் பக்கத்தில "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்று வரும். உத்தியோகம் இல்லாதவைக்கு ஊர் மட்டும்தான்.

என்ர அம்மா நித்திரையிலேயே போயிட்டா. முதல் நாள் இரவு பேரப்பிள்ளைக்குப் புட்டு அவிச்சுக் குடுத்தவ. அவவின்ர அறிவித்தலில ஐம்பது பேரின்ர பெயர் இருக்கு. ஆனால் 1995 ஒக்டோபர் கடைசியில, யுத்த நேரம், யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில இடம்பெயர்ந்த நேரம் எங்கட வீட்டுக்கும் மூன்று குடும்பம் வந்து சேர்ந்தது, அவ்வளவு பேருக்கும் மாதக்கணக்கில அம்மா உலை வைச்சவ. மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, தென்னம் மட்டைதான் விறகு. அதை எந்த அறிவித்தலில எழுதுறது? 31ஆம் நாள் நினைவு மலரில அண்ணாவிட்டச் சொல்லி ஒரு பக்கம் எழுதுவிச்சன். அந்தப் பக்கத்தைத்தான் ஆக்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனவை.

பிள்ளை, உன்ர அம்மாவைப் பற்றி இன்னும் எழுது. பேப்பருக்கு இரண்டு வரி பிறகு பார்க்கலாம்.

கரிசல்மகள் எழுதியது:

அக்கா கேட்டதால் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது 1961. அவள் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டது காமராஜர் காலத்தில் வந்த மதிய உணவு. அந்தத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில்தான் தொடங்கியது, அதைச் சொல்லும்போது அம்மாவுக்கு ஒரு பெருமை வரும், ஏதோ தன் வீட்டுத் திண்ணையில் தொடங்கிய மாதிரி. அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் சோளமாவில் உப்புமா போடுவார்களாம், பால் பவுடர் கரைத்துக் கொடுப்பார்களாம். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்கள். விடிவதற்கு முன்னாலேயே வண்டி வந்து ஊரில் உள்ள பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற வேலை. கல்யாணம் ஆகிறவரை அதுதான்.

எம்ஜிஆர் சத்துணவைக் கொண்டுவந்தது 1982 ஜூலை 1, திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை கொடுத்தார்கள். அப்படித்தான் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. கைக்குழந்தையாகத் தம்பி, நடக்கிற பிள்ளையாக நான். சம்பளம் மிகக் கொஞ்சம், ஆனால் மாதாமாதம் வரும். கரிசல்காட்டில் மழை பொய்த்தால் எந்த வேலையும் கிடையாது, அதனால் "மாசச் சம்பளம்" என்பதை அம்மா சொல்கிற விதமே தனி.

வேலை எப்படி என்றால், ஒரு மையத்துக்கு அமைப்பாளர் ஒருவர், சமையலர் ஒருவர், உதவியாளர் ஒருவர். அமைப்பாளரைப் பிள்ளைகள் சத்துணவு டீச்சர் என்பார்கள், அம்மாவை ஆயாம்மா. காலையில் போனதும் டீச்சர் வகுப்பு வகுப்பாக எண்ணிக்கை எடுத்து வந்து, அரிசியும் பருப்பும் அளந்து கொடுப்பார். தொண்ணூறு பிள்ளைகள் வரை இருந்த காலம். அம்மா சுளவில் புடைத்து, வண்டும் கல்லும் பார்த்து, தண்ணீர் தெளிகிறவரை களைவாள். சாக்கு வாடை போகவில்லை என்றால் இன்னொரு தண்ணீர். விறகு சீமைக்கருவேலம், ஈரமாக இருந்தால் புகை கூரையை முட்டும். சோறு வெந்ததும் அண்டாவின் வாயில் தட்டை மூடி, இரண்டு பக்கமும் துணி பிடித்து, உதவியாளர் அக்காவும் அவளுமாகச் சாய்த்துக் கஞ்சி வடிப்பார்கள். அவள் இடது முன்கையில் உள்பக்கமாக ஒரு கறுத்த தழும்பு உண்டு, அண்டா விளிம்பு பட்டது. புண் ஆறுவதற்குள் அதே இடத்தில் திரும்பவும் படும். போஸ்டரில் இருக்கிற அந்தச் சிவந்த அம்மாவுக்குக் கையே தெரியவில்லை.

முட்டை வந்தது 1989இல். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள், மிதக்கிறது தனியே போகும், மூழ்குகிறதுதான் அடுப்புக்கு. வெந்ததை ஆறவைத்து, உள்ளங்கைக்கும் தரைக்கும் நடுவில் ஒரே ஒரு உருட்டு, கட்டை விரலால் ஒரு தள்ளு, ஓடு மொத்தமாகக் கழன்று வரும். ஒன்றிலும் வெள்ளைக் கரு பிய்ந்திருக்காது. பிய்ந்தால் அந்தப் பிள்ளைக்குக் குறைவாகப் போய்விடுமாம். பின்னால் கலவைச் சாதம், மசாலா முட்டை என்று மாறியபோது பிள்ளைகள் விரும்பித்தான் சாப்பிட்டார்கள், அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை, சாம்பார் என்றால் பள்ளிக்கூடத்து முருங்கைக்கீரையை உருவிப் போட்டு எல்லார் வயிற்றுக்குள்ளும் அனுப்பிவிடலாமே என்று.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆரம்ப வருஷங்களில் ஊரில் சில வீட்டுக்காரர்கள் அம்மா சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். காரணம் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அல்லது தூக்குவாளியோடு வருவார்கள். முட்டை போட ஆரம்பித்த பிறகு ஒவ்வொருவராகத் தட்டோடு வரிசையின் கடைசியில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். அம்மா யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் மறுநாள் வந்திருக்க மாட்டார்கள். இதையெல்லாம் பழைய கதை என்று சொல்ல மனம் வரவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நடந்தது, 2023இல் எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற உசிலம்பட்டியில் (மதுரைப் பக்கத்து ஊர் இல்லை) காலை உணவுத் திட்டத்தில் நடந்தது. அந்தச் செய்தியை டிவியில் பார்த்துவிட்டு அம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ராத்திரி போனில், "அந்தப் பிள்ளை பசியோட வீட்டுக்குப் போயிருக்கும்லா" என்றாள். சாப்பிட மறுத்த பிள்ளையைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை.

மதுரைச்செவிலி எழுதியது:

அக்கா, படித்துவிட்டு டியூட்டி ரூமில் உட்கார்ந்து அழுதேன். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், உங்கள் அம்மாவின் விஷயத்தில் யாரும் எதையும் தவறவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பெண்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் பல நேரம் அப்படி வராது. முதுகில், தாடையில், தோளில் வலி, மேல்வயிற்றில் ஒரு அடைப்பு, காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்குவது, ஒரே அசதி. வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடிப்பார்கள். இப்படி ஏதாவது புதிதாக வந்தால் 108க்கு அடியுங்கள், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். "இதயம் காப்போம்" திட்டத்தில் 2023இலிருந்து அங்கேயே முதல் டோஸ் கொடுக்க மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின். அதைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். சிலருக்கு அதற்கும் நேரம் இருக்காது என்பதும் உண்மை.

கரிசல்மகள் எழுதியது:

சர்க்கரை இருந்தது தங்கச்சி, மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தாள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுப்பார்கள். நீங்கள் எழுதியதை எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டேன், சித்திகள் எல்லாரும் படிக்கட்டும்.

நாஞ்சில்தம்பி எழுதியது:

நினைவஞ்சலி பற்றி எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். அம்மாவின் போன் என்ன ஆயிற்று? ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் எண்ணை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம், கணக்கில் குறைந்தது 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் ஓடும். வாட்ஸாப் கணக்கு 120 நாள் இணைப்பே இல்லாமல் கிடந்தால் அழித்துவிடுவார்கள். உங்கள் போனில் அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அது உங்களிடமே இருக்கும், ஆனால் போன் மாற்றும்போது போய்விடலாம். அந்த உரையாடலைத் திறந்து ஏற்றுமதி என்பதைக் கொடுத்து, மீடியாவோடு சேர்த்து ஒரு மின்னஞ்சலுக்கும் ஒரு பென்டிரைவுக்கும் அனுப்பி வையுங்கள்.

கரிசல்மகள் எழுதியது:

தம்பி, பெரிய உதவி. சிம்முக்குத் தம்பி ரீசார்ஜ் செய்துகொண்டு வருகிறான். வாய்ஸ் மெசேஜ்களை இன்று உட்கார்ந்து பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். அம்மா வாய்ஸ் மெசேஜையும் போன் என்று நினைத்துத்தான் பேசுவாள். கேள்வி கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்கு இடைவெளி விடுவாள், "ம்ம்" என்பாள், கடைசியில் "சரி, வச்சிரட்டா" என்று கேட்டுவிட்டுத்தான் விரலை எடுப்பாள்.

வைகைக்கரை எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். சமையலர் என்றே போடச் சொல் என்கிறாள். நானும் அந்தப் பக்கம் வந்துவிட்டேன். ஆனால் உங்கள் தம்பி சொல்வதையும் தள்ள வேண்டாம். அவர் என்ன போடலாம் என்கிறார்?

கரிசல்மகள் எழுதியது:

"ஓய்வு பெற்ற அரசு ஊழியர்" என்று போடலாம் என்கிறான்.

முக்கூடல்பாண்டி எழுதியது:

அக்கா, இதில் நான் உங்கள் தம்பி பக்கம். சத்துணவு ஊழியர்கள் எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தானே? காலமுறை ஊதியம் கொடு, முறையான ஓய்வூதியம் கொடு, எங்களையும் அரசு ஊழியராக்கு என்று. வாழ்நாள் முழுக்கக் கொடுக்காததைக் குடும்பமாவது கொடுக்கட்டுமே. உங்கள் அம்மா அந்தப் போராட்டங்களுக்குப் போனது உண்டா?

கரிசல்மகள் எழுதியது:

போயிருக்கிறாள். தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ் முன்னால் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு தடவை எல்லாரையும் கைது செய்து மண்டபத்தில் வைத்து சாயங்காலம் விட்டார்கள். "மண்டபத்துல சாப்பாடு போட்டாங்க, சாம்பார்ல உப்பே இல்லை" என்று வந்து சொன்னாள். கடைசியில் அவளுக்குக் கிடைத்தது மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம். அதனால் பாண்டி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அரசு ஊழியர் என்று போட்டால் படிக்கிறவர் கண்ணில் ஒரு ஆபீஸும் நாற்காலியும்தான் வரும். அம்மா உட்கார்ந்து பார்த்த வேலை இல்லை அது. இன்னொன்று. 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் அந்தப் பள்ளிக்கூடம் எரிந்தது நினைவிருக்கும், 94 பிள்ளைகள். சமையல் கூடத்திலிருந்து பிடித்த தீ ஓலைக்கூரைக்குப் பரவியது என்று செய்தி வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல் கூடமும் அன்றைக்கு ஓலைதான். அன்று வெள்ளிக்கிழமை. அம்மா அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையிலேயே போய் அடுப்பைக் கூரையிலிருந்து தள்ளி முற்றத்தில் கல் கூட்டி வைத்துச் சமைத்தாள், வெயிலில். கொஞ்ச நாளில் ஓலையைப் பிரித்துவிட்டு ஓட்டுக் கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும், கேஸ் சிலிண்டர் வந்த பிறகும்கூட, வாசல் பக்கம் தண்ணீர் நிறைந்த குடங்களும் ஒரு ஈரச்சாக்கும் எப்போதும் இருக்கும். யாரும் செய்யச் சொன்னதில்லை. இதையெல்லாம் செய்த ஒருத்தியை வேறு பெயர் சொல்லி அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

மதுரைச்செவிலி எழுதியது:

இதை அப்படியே தம்பியிடம் படிக்கக் கொடுங்கள் அக்கா. வேறு எதுவும் பேச வேண்டாம்.

வல்வைப்பெண் எழுதியது:

ஓம், அதைத்தான் நானும் சொல்ல வந்தனான். தம்பியின்ர பெண்சாதி வீட்டாக்கள் என்ன நினைப்பினம் என்று அவர் பயப்பிடுறார், ஆனால் அவரும் அந்தப் பள்ளிக்கூடத்திலதானே அம்மாவின்ர கையால வாங்கிச் சாப்பிட்டிருப்பார்?

கரிசல்மகள் எழுதியது:

ஆமாம் அக்கா, வரிசையில் நின்றுதான். அம்மா எங்களுக்குத் தனியாக எதுவும் எடுத்து வைத்ததில்லை. தம்பிக்கு அதில் அப்போது வருத்தம் கூட உண்டு.

கரிசல்மகள் எழுதியது:

தம்பி இங்கே எல்லாவற்றையும் படித்தான். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் போன் பண்ணி, "அக்கா, ஈரச்சாக்கு நானும் நனைச்சுப் போட்டிருக்கேன், சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஸ்கூல் விட்டதும் போய் அவளுக்கு அண்டா கழுவிக் கொடுப்பேன்" என்றான். இருவரும் சேர்ந்து எழுதியது இது. ஊர் பேர்களை இங்கே எடுத்துவிட்டேன்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. தோற்றம் 1961, மறைவு 2024. எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளி சத்துணவு மையத்தில் 1986 முதல் 2019 வரை சமைத்துப் பரிமாறியவர், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆயாம்மா. எங்கள் அப்பா மறைந்த பிறகு எங்கள் இருவரையும் ஒற்றை ஆளாக வளர்த்துப் படிக்க வைத்த அம்மா. இப்படிக்கு மகன், மகள், மருமகள், மருமகன், பேரப்பிள்ளைகள்.

இந்த அளவுக்கு மேல் போனால் விளம்பரக் கட்டணம் அடுத்த அளவுக்குப் போய்விடும் என்றார் ஏஜென்ட். வழக்கமாகப் போடுகிற "மண்ணை விட்டு மறைந்தாலும்" கவிதையை எடுத்துவிட்டோம். படத்துக்கு அவளுடைய சங்க உறுப்பினர் அட்டையில் இருந்த போட்டோ கிடைத்திருக்கிறது, சின்னதுதான், பெரிதாக்கினால் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

முக்கூடல்பாண்டி எழுதியது:

நன்றாக இருக்கிறது அக்கா. "ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆயாம்மா" என்பதை எடுக்கவே எடுக்காதீர்கள். என் அம்மாவுக்கு ஆடியில் நினைவு நாள் வருகிறது. இல்லத்தரசி என்பதற்குப் பதிலாக பீடித் தொழிலாளி என்று போட்டு ஒரு புது கார்டு அடிக்கப்போகிறேன், தங்கை சரி சொல்லிவிட்டாள்.

வைகைக்கரை எழுதியது:

நிறைவாக இருக்கிறது தங்கச்சி. அப்பா பெயரை மட்டும் ஒரு இடத்தில் சேர்த்துவிடுங்கள், அவரும் அவருடைய அண்ணன் தம்பிகளும் உங்களுக்கு வேண்டியவர்கள்தானே. இன்னொன்று, இதைத் தேதிக்குக் கொடுக்கிறீர்களா, திதிக்கா? இந்த வருஷம் இரண்டுக்கும் நாள் தள்ளி வரும், ஏஜென்டிடம் சொல்வதற்கு முன் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிசல்மகள் எழுதியது:

"எங்கள் அப்பா" என்ற இடத்தில் அவர் பெயரையே போட்டுவிட்டோம் ஐயா, சித்தப்பாவுக்கும் சந்தோஷம். பேப்பரில் தேதிக்கு, வீட்டில் படையல் திதிக்கு. படையலுக்குச் சாம்பாரும் முட்டையும் வைக்கலாமா என்று தம்பி கேட்கிறான், திதிக்கு முட்டை ஆகாது என்கிறாள் பெரியம்மா. அதனால் தேதி வருகிற அன்று பள்ளிக்கூடத்தில் இப்போது இருக்கிற டீச்சரிடம் கேட்டு, பிள்ளைகளுக்கு எங்கள் செலவில் ஒரு பாயசம் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறோம். ஹெட்மாஸ்டர் அனுமதி வேண்டுமாம், திங்கட்கிழமை தம்பி நேரில் போகிறான்.